பொங்கல் சமையல்: கேட்டவையும் சொன்னவையும்

பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது கும்பகோணம் பக்கம். அதனால் எங்கள் வீட்டில் தை முதல் நாள் இரண்டு ஊர்ச் சமையலும் ஒரே அடுப்பில் நடக்கும். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: அக்கா, போன வருடம் சர்க்கரைப் பொங்கலில் அரிசி நறுக்கு நறுக்கென்று நின்றுவிட்டது. திரும்பக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டும் குழையவில்லை. என்ன தப்பு?

வெல்லத்தை அவசரப்பட்டுப் போட்டிருப்பீர்கள். இனிப்பு சேர்ந்தபின் அரிசி மேற்கொண்டு வேகாது. எத்தனை விசில் விட்டாலும் சரி, அந்தப் பதத்திலேயே நிற்கும். கல்யாணமான முதல் பொங்கலுக்கு நானே இந்தக் கூத்தை அடித்தேன். மாமனார் ஒன்றும் சொல்லாமல் மென்று மென்று சாப்பிட்டதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினால் பருக்கை மசிய வேண்டும். அதுவரை வெல்லத்தைத் தொடாதீர்கள். அளவு கேட்டால்: பச்சரிசி ஒரு டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளர், தண்ணீரும் பாலுமாக 5 டம்ளர், பொடித்த வெல்லம் 2 டம்ளர், நெய் அரை டம்ளருக்குக் குறையாமல். ஒரு சிட்டிகை உப்பு. புது அரிசியாக இருந்தால் தண்ணீரில் அரை டம்ளர் குறைக்கலாம். பழைய அரிசி அளவுக்குப் புது அரிசி தண்ணீர் இழுக்காது, சீக்கிரம் குழைந்தும் விடும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பழைய அரிசி தேடுகிறவர்கள்கூடப் பொங்கலுக்குப் புது அரிசி கேட்கிறார்கள்.

கேள்வி: எனக்கு அரிசி நன்றாக வெந்துவிடுகிறது. வெல்லப்பாகை ஊற்றியதும் பால் திரிந்துவிடுகிறது.

வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் அது விழுந்தால் திரியத்தான் செய்யும். பானையை இறக்கி, கொதி அடங்கவிட்டு, கரைத்து வடிகட்டிய வெல்லத்தை ஊற்றிக் கிளறுங்கள். பிறகு சிறு தீயில் வைத்து நெய்யை ஊற்றிக்கொண்டே சுருட்டுங்கள். பால் புதிதாக இருக்கட்டும். பளிச்சென்று மஞ்சளாக மின்னும் வெல்லம் வேண்டாம், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டதாக இருக்கலாம். மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். பானை பொங்க வேண்டுமே, என்ன செய்வது?

வெண்கலப் பானையும் மண் பானையும் அந்த அடுப்பில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடியுள்ள சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து, கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டுங்கள். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் ஒரு கரண்டி பால் விட்டுக் கழுத்துவரை ஊற்றினால் தானாகப் பொங்கும். ஒரு வாய் நுரை விளிம்பு தாண்டி வழிந்தால் போதும். "பொங்கலோ பொங்கல்" சொல்லிவிட்டு உடனே சூட்டைக் குறையுங்கள், ஆறாக ஓடினால் அடுப்பு அணைந்துவிடும். பொங்கியதும் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீரை மொண்டு எடுத்து வைத்துக்கொண்டு அரிசியைப் போடுங்கள். வேகும்போது தண்ணீர் போதாவிட்டால் அதையே திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: வெண்பொங்கலுக்கு மிளகு சீரகம் தாளித்தேன். "இது டிபன், படையல் இல்லை" என்று மாமியார் சிரித்தார். புரியவில்லை.

இரண்டுக்கும் ஒரே பேர், அதுதான் குழப்பம். ஓட்டலில் சாம்பாரோடு வருவது வேறு. பல வீடுகளில் பண்டிகை வெண்பொங்கல் என்றால் பாலும் தண்ணீரும் விட்டுக் குழைய வேகவைத்த பச்சரிசிச் சோறு, அவ்வளவுதான். தாளிதம் கிடையாது. அதற்கு ருசி தருவது பக்கத்தில் வரும் குழம்பு.

கேள்வி: அந்தக் குழம்பைத்தான் கேட்க வந்தேன். ஏழுகறிக் குழம்பு எனக்கு ஒவ்வொரு வருடமும் காய் தெரியாமல் கூழாகிவிடுகிறது.

என்னைக் கேட்டால் பொங்கல் சமையலின் மையம் இதுதான். சர்க்கரைப் பொங்கலைக் கோயிலில் எந்த மாதமும் வாங்கிச் சாப்பிடலாம். பச்சை மொச்சை, புது அவரை, பரங்கி, கிழங்கு எல்லாம் ஒரே சந்தையில் குவிவது இந்த மார்கழி, தையில்தான்.

எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரவேண்டும் என்பார்கள், 5, 7, 9 என்று. நான் போடுவது பச்சை மொச்சை, சேனை, வாழைக்காய், அவரை, கத்தரி, பரங்கி, சேப்பங்கிழங்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதால்தான் கூழாகிறது. முதலில் மொச்சையும் சேனையும். அவை பாதி வெந்ததும் வாழைக்காய், அவரை. பிறகு கத்தரி. பரங்கி கடைசியில், அதுவும் தோலோடு பெரிய துண்டாக. சேப்பங்கிழங்கைத் தனியாக வேகவைத்து உரித்துக் கடைசியில் சேர்க்காவிட்டால் குழம்பு முழுக்க வழவழவென்று ஆகிவிடும்.

புளித்தண்ணீரைக் காய் முக்கால் பதம் வெந்தபிறகே ஊற்றுங்கள். புளிப்பு முன்னால் போனால் மொச்சை கடைசிவரை கடுக்கென்று இருக்கும். ஒரு கிலோ காய்க்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி சரியாக இருக்கும். தனியா, கடலைப்பருப்பு, வரமிளகாய், துளி வெந்தயம், அரை மூடித் தேங்காய் வறுத்து அரைத்துவிட்டு, வெந்த துவரம்பருப்பு ஒரு கிண்ணம் சேர்த்து இறக்க வேண்டியதுதான். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஏன் சேர்ப்பதில்லை? வெளிநாட்டுக் காய் என்பதாலா?

அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மிளகாயும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவைதான். பரங்கிக்காய் தன் பெயரிலேயே பரங்கியை வைத்துக்கொண்டு படையலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது! நம் வயலிலும் கொல்லையிலும் விளைந்ததைச் சேர்த்துக்கொண்டோம். மலைக்காய் அந்தக் காலத்தில் கிராமத்துச் சந்தைக்கு வரவில்லை. எனக்குக் கேரட் பிடிக்காது, ஏனென்றால் அதன் தித்திப்பு பரங்கியோடு மல்லுக்கு நிற்கும். பச்சை மொச்சை கிடைக்காத ஊரில் இருந்தால் காய்ந்த மொச்சையை இரவே ஊறவைத்துப் போடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலிச் சிறுகிழங்கு வாங்கிவிட்டேன் அம்மா. அரைக்கிலோ உரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கையெல்லாம் கறுப்பு.

ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டினீர்களா? பாவம். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு மண் நெகிழ்ந்ததும், ஒரு சணல் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் நாலு அடி அடித்துத் தேய்த்து உருட்டுங்கள். முக்கால்வாசித் தோல் சாக்கோடு போய்விடும். மீதியைச் சுரண்டிச் சுரண்டித் தண்ணீரிலேயே போடுங்கள், வெளியில் இருந்தால் கறுக்கும். கையில் முதலிலேயே நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் போகிக்கு முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் செய்வோம். பிள்ளைகளுக்குச் சாக்கு அடிக்கிற வேலை.

வெந்தபின் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துவிட்டு ஒரு கொதி. வேறெதுவும் வேண்டாம், அதன் மண்வாசனை கெட்டுவிடும்.

கேள்வி: அக்காரவடிசிலும் சர்க்கரைப் பொங்கலும் ஒன்றுதானா?

இல்லை. அக்காரவடிசிலில் அரிசி தண்ணீரில் வேகாது, பாலிலேயே வேகும். ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை லிட்டர் பாலாவது குடிக்கும். பருப்பு சிலர் ஒரு பிடி போடுவார்கள், சிலர் போடுவதே இல்லை. அது பொங்கலுக்கு உரியதும் இல்லை, மார்கழி 27-ஆம் நாள் பெருமாள் கோயில்களில் கொண்டாடும் கூடாரவல்லிக்கு உரியது. அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) நிறைய அக்காரவடிசில் தருவதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்ட பண்டம். இரண்டு மணி நேரம் அடுப்பை விட்டு நகராமல் கிளற முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

கேள்வி: பச்சைக் கற்பூரம் எவ்வளவு?

ஒரு கிலோ பொங்கலுக்கு ஒரு கடுகு அளவு. நெய்யில் நுணுக்கிக் கலந்துவிடுங்கள். கொஞ்சம் கூடினாலும் கசக்கும். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் வேறு, அதை வாயில் வைக்கவே கூடாது.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் புக்கை எண்டுதான் சொல்லுவம். வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் போடாமல் நீங்கள் எப்பிடிப் பொங்குறீங்கள்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். முற்றத்தில் கோலத்தின் மேல் மூன்று கல் வைத்துப் பொங்கியது, கஜுவும் (நம் முந்திரிப்பருப்பு) முந்திரிகை வற்றலும் (நம் உலர்திராட்சை) போட்டு. தேங்காய்ப்பால் சேர்வதால் நெய் குறைவாகவே போதும், வறுத்த பயறு வாசத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. எங்களூர்க்காரர்கள் செய்து பார்ப்பதென்றால் முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குங்கள். இன்னொன்று, யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளைச் சர்க்கரைக்கு அங்கே சீனி.

கேள்வி: கனுப் பிடிக்கு என்னென்ன சாதம் வைக்க வேண்டும்?

முதல் நாள் மிச்சம் வைத்த சோற்றில் மஞ்சள் கலந்தது, குங்குமம் கலந்தது, தயிர் கலந்தது, கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். மஞ்சள் இலையில் சின்னச் சின்ன உருண்டையாக, பொங்கலுக்கு மறுநாள் விடிந்ததும் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ. கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் காக்கைக்கு வைப்பது. மத்தியானம் எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று கலந்த சாதம், அவியலும் வடாமும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். வெல்லம்தானே, சாப்பிடலாமா?

வெல்லமும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இரண்டு ஸ்பூன் ருசிக்கு. மற்றபடி அவரைக்காய்ப் பொரியலையும் மொச்சையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீந்த காய், குழம்பெல்லாம் என்ன செய்கிறீர்கள்? கொட்ட மனசு வரவில்லை.

கொட்டுவதா! எங்கள் பக்கம் அதற்குத்தான் சுண்டக்கறி. மீந்த குழம்பு, கூட்டு, கிழங்கு எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியில் சேர்த்துச் சிறு தீயில் வைத்துவிட வேண்டும். தயிர், மோர் சேர்ந்தது மட்டும் வேண்டாம். காலையும் மாலையும் நன்றாகக் கொதிக்கவைத்தால் கெடாது. தண்ணீர் சுண்டச் சுண்ட நிறம் கறுத்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும். மாட்டுப் பொங்கலன்று காலையில் பழைய சோற்றுக்கு இது. மூன்றாம் நாள் சட்டியின் அடியில் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி, உருண்டை பிடித்துக் கையில் வைப்பாள். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு எத்தனை உருண்டை என்பதில்தான் சண்டை வரும்.