ஒரு பத்தி, ஒரு சொல், ஒரு துறை

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரலைக் கொண்ட ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு நிரலும் எழுதித் தருகிறேன். இத்தகைய மென்பொருளை உருவாக்கும் குழுக்களுக்கும் சட்டம் இயற்றுவோருக்கும் இடையே நின்று பணியாற்ற விருப்பம். அப்படியொரு துறை இருக்கிறதா? அங்கே என்ன வேலை? – வாசகி ஒருவர்

பதில்: இருக்கிறது. உங்களைப் போல் நிரலும் தெரிந்தவர்கள் அதற்கு வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2014-இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' பிழையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்தப் பிழை இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில். எண்ணற்ற இணையதளங்களின் பாதுகாப்பைச் சுமந்த அது, நன்கொடையாக ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே பெற்றுவந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. இத்தகைய மென்பொருளுக்குப் பின்னால் இருக்கும் ஊதியமற்ற உழைப்பைப் பற்றி ஆய்வாளர் நாடியா எக்பால் எழுதிய ஆய்வறிக்கையை 2016-இல் ஃபோர்டு அறக்கட்டளை வெளியிட்டது; பின்னர் அவர் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பணிக்குச் சேர்ந்தார்.

வேலையின் தன்மையை மென்பொருள் உள்ளிட்ட மின்னணுப் பொருள்களின் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சைபர் ரெசிலியன்ஸ்' சட்டத்தில் காணலாம். 2022 செப்டம்பரில் வந்த வரைவு, வணிக நடவடிக்கைக்கு வெளியே உருவாகும் திறந்த மூல மென்பொருளுக்கு விலக்கு அளித்தது. மேலோட்டமாகப் படித்தால் குறையேதும் தெரியாது. ஆனால், எதெல்லாம் வணிகம் என்று விளக்கிய அதே பத்தி, தொழில்நுட்ப உதவிக்குக் கட்டணம் பெறுவதையும் அதில் சேர்த்திருந்தது. வேலை முடிந்து வீடு திரும்பியபின் ஒரு நிரல்தொகுப்பைப் பராமரிப்பவர், யாருக்கோ உதவி செய்து சிறுதொகை வாங்கினாலே உற்பத்தி நிறுவனத்துக்குரிய கடமைகள் அவர் தலையில் விழுமோ என்ற அச்சம் அங்கிருந்துதான் பிறந்தது. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை, எக்லிப்ஸ் அறக்கட்டளை போன்றவை இதை எடுத்துரைத்தன. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், இத்தகைய மென்பொருளைத் தொடர்ந்து பேணும் அமைப்புகளுக்கென்று தனி வகையே உண்டு. அவற்றுக்குக் கடமைகள் குறைவு, அபராதம் கிடையாது.

அந்தப் பத்தி ஒரு பராமரிப்பாளரின் மாலைப்பொழுதை என்ன செய்யும் என்று அதிகாரிக்கும், அதிகாரி ஏன் அப்படி எழுதினார் என்று பராமரிப்பாளருக்கும் விளக்குவதே இந்த வேலை. அறக்கட்டளைகளிலும், பெருநிறுவனங்களின் கொள்கைப் பிரிவுகளிலும், அரசு சார்ந்த நிதியமைப்புகளிலும் அதற்கு இடமுண்டு. எங்கே சேர்ந்தாலும், யாருடைய சம்பளத்தில் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிரல் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அச்சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல்தான் பொருந்தும் என்பதால் அவகாசம் இருக்கிறது. அதற்குள் அதன் வரையறைப் பகுதியைப் படித்து, உங்கள் திட்டம் எந்த வகையில் அடங்கும் என்று ஒரு பக்கம் எழுதி, அதைப் பராமரிப்பவரிடம் காட்டுங்கள். அவர் மறுக்கும் இடத்தில் உங்கள் அடுத்த ஆய்வு தொடங்கலாம்.