இரக்கம், கருணை, அருள், பரிவு: எல்லாம் ஒன்றுதானா?

இரக்கம், கருணை, அருள், பரிவு எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய சொந்தம்தான், ஆனால் ஒன்றில்லை.

இரங்குதல் என்றால் மனம் உருகுவது, புலம்புவதும்கூட. சங்கப் பாடல்களில் கடற்கரை நிலமான நெய்தல் திணைக்கு உரிப்பொருள், அதாவது அதற்கு உரிய உணர்வு, இரங்கல் என்றது அதனால்தான். கருணை வடமொழியிலிருந்து வந்த சொல், அதில் கொஞ்சம் அதிகாரமும் இருக்கிறது, கொடுக்கிறவர் மேலே, கேட்கிறவர் கீழே. தூக்குத் தண்டனைக் கைதி குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது கருணை மனு, அதை யாரும் பரிவு மனு என்பதில்லை.

பரிவை நான் பார்த்தது சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பேருந்தில். 20 கொண்டை ஊசி வளைவு, பாதி ஏறுவதற்குள் ஒரு சின்னப் பெண் வாந்தி எடுத்துவிட்டாள். "ஐயோ பாவம்" என்றோம் எல்லோரும், நானும்தான். அது இரக்கம். பின் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்து, அவள் முடியைப் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்து, "ஒண்ணுமில்ல கண்ணு, மூச்ச நல்லா இழுத்து விடு" என்றார். அதுதான் பரிவு.

அப்புறம் அருள். வள்ளுவர் அதை அன்பு ஈன்றெடுத்த குழந்தை என்கிறார் (குறள் 757). அன்பு நம்மைச் சேர்ந்தவர்களிடம் காட்டுவது, அருளுக்கு அந்த உறவே வேண்டாம். அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் அவர் வைத்திருப்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.