முதலில் அந்த டியூபைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 19 வயது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். முகம் முழுக்கப் பரு. தினமும் ஐந்தாறு தடவை சோப்பு போட்டுக் கழுவுகிறேன். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். அறைத்தோழி சொன்ன ஒரு க்ரீமை மெடிக்கலில் வாங்கிப் போட்டதும் பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது, பருவும் அடங்கியது. ஆனால் நிறுத்தினால் முகம் எரிகிறது, பரு முன்பைவிட அதிகமாக வருகிறது. அதனால் ஐந்து மாதமாக விடாமல் போடுகிறேன். பரு போகவும் கொஞ்சம் நிறம் கூடவும் தினமும் செய்கிற மாதிரி எளிய பராமரிப்பு சொல்லுங்கள். அதிகம் செலவழிக்க முடியாது.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: பராமரிப்பு முறையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த க்ரீமைப் பற்றிப் பேசியாக வேண்டும். ‘நிறுத்தினால் எரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த வரிதான்.

டியூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளுசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்றும் இருந்தால், அது மங்குக்காக (முகத்தில் திட்டுத் திட்டாகப் படரும் கருமை) தோல் மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கிற கலவை. பருவுக்கென்று வந்த மருந்தே இல்லை.

ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நீங்கள் பார்த்த பளிச் அதுதான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரியும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். கடைசியில் அந்த மருந்தே பருவைக் கிளப்பிவிடும். நிறுத்தியதும் அடங்கியிருந்தது எல்லாம் திரும்பி வரும். பயந்துபோய் மறுபடி போடுவீர்கள். ஐந்து மாதமாக நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 19 வயதுப் பெண்ணிடம் ‘சீட்டு எங்கே?’ என்று ஒரு வார்த்தை கேட்காதவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது.

இன்றே க்ரீமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இத்தனை மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் முகம் சிவந்து கொந்தளிக்கலாம். எப்படி விடுவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் மருத்துவரைப் பாருங்கள். டியூபைக் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். அறைத்தோழியும் அதையே போடுகிறார் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிறம் கூட வழி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் தோலுக்கு வந்திருப்பது பரு. உங்கள் நிறத்துக்கு எந்தக் கோளாறும் இல்லை. இந்த மாதிரி க்ரீம்கள் இத்தனை கைகளுக்குப் போய்ச் சேருவதே, நிறம் ஒரு குறை என்று சின்ன வயதிலிருந்து நம் பெண்களிடம் சொல்லி வைத்திருப்பதால்தான்.

சரி, தினசரிக்கு வருவோம். ஐந்தாறு தடவை கழுவுவதை விடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, நடுவில் நன்றாக வியர்த்தால் வெறும் தண்ணீரில் ஒரு தடவை. பரு அழுக்கால் வருவதில்லை. வயதுக்கு வந்த பிறகு ஹார்மோன்களால் தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பு கூடுகிறது, துளையின் வாய் அடைபடுகிறது, எல்லோர் தோலிலும் இருக்கும் ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகி வீக்கம் உண்டாகிறது. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு இல்லை. அடைத்து நிற்பது காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை தடவை தேய்த்தாலும் அது போகாது, தோல்தான் புண்ணாகும். நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது. குளியல் சோப்பு காரம். அதனால் வாசனை இல்லாத, மிதமான ஃபேஸ்வாஷ் ஒன்று போதும். விரலாலேயே தடவிக் கழுவுங்கள், ஸ்க்ரப் வேண்டாம். கடலை மாவு போட்டாலும் தேய்த்தால் அதுவும் ஸ்க்ரப்தான்.

கழுவியதும் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வடிகிற முகத்துக்கு எதற்கு என்று தோன்றும். பரு மருந்துகள் தோலை உலர்த்தும், உலர்ந்தால் எரியும், எரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவீர்கள். ஜெல் மாதிரி லேசானதாக, ‘நான்-காமெடோஜெனிக்’ (தோல் துளையை அடைக்காதது) என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

காலையில் அதற்கு மேல் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். நம்முடையது போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பருவைவிட இந்தத் தழும்புக்காக அழுகிறவர்கள்தான் அதிகம். மூன்று பொருளும் பெரிய பிராண்டாக இருக்க வேண்டியதில்லை. சீரம், டோனர், ஷீட் மாஸ்க் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இரவு மருந்தை மருத்துவர் தொடங்கச் சொன்ன பிறகு தொடங்குங்கள். உங்கள் தோல் இப்போது இருக்கும் நிலையில் நீங்களாக எதையும் வாங்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் அடபலீன் ஜெல் அல்லது பென்சாயில் பெராக்சைடு எழுதுவார்கள். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே போதும். 10 சதவீதத்தில் எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. அது படும் துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், பழையதைப் பயன்படுத்துங்கள். அடபலீன் என்றால் முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைக்கக் கூடாது. நாளை வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துத் துளையில் உருவாகிக்கொண்டிருக்கும், இந்த மருந்தின் வேலை அதைத் தடுப்பதுதான். கர்ப்ப காலத்தில் அடபலீன் கூடாது.

முதல் இரண்டு மூன்று வாரம் பரு கூடுவது போலக்கூடத் தெரியும். எட்டு முதல் 12 வாரம் ஆன பிறகுதான் மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் பளிச் என்பதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்தக் காத்திருப்பு கஷ்டமாகத்தான் இருக்கும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், டூத்பேஸ்ட் பல்லுக்கானது. இரண்டையும் விடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழிய விடாதீர்கள். நெற்றியோரத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறவர்களுக்குப் பல சமயம் எண்ணெய்தான் காரணம்.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் உங்கள் தட்டைத்தான் குறை சொல்வார்கள். எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் முகத்தில் எண்ணெய் வடிவதில்லை. சர்க்கரை, மைதா போன்றவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2007-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றாத உணவை 12 வாரம் சாப்பிட்ட இளைஞர்களுக்குப் பரு குறைந்தது. ஆக, குளிர்பானத்தையும் பேக்கரி தின்பண்டங்களையும் குறைத்துப் பாருங்கள். ‘உடம்புச் சூடு’ என்று பட்டினி கிடக்க வேண்டாம்.

மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறதா? அப்படியென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அப்போது வெளிப்பூச்சு மட்டும் போதாது. ‘வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாயிடும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். தொட்டால் வலிக்கிற பெரிய கட்டிகளைக் கிள்ளாமல், நாள் கடத்தாமல் காட்டிவிட வேண்டும். அவை ஆறும்போது விழுகிற குழியை எந்த க்ரீமும் நிரப்பாது. அதற்கு அப்புறம் லேசர், ஊசி என்று போக வேண்டும். அந்தச் செலவு, நீங்கள் இப்போது செலவழிக்க முடியாது என்கிற தொகையைப் போலப் பல மடங்கு.