சன்னல் மாற்ற பிளானிங் பெர்மிஷன் வேண்டுமா?

பிளானிங் பெர்மிஷன், அதாவது வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) வாங்கும் அனுமதி, பெரும்பாலும் வேண்டாம். லண்டனில் சொந்த வீடு, முன்பக்க மர சன்னல் உளுத்துவிட்டது, அதே அளவில் யூபிவிசி என்ற பிளாஸ்டிக் சன்னல் போடப் போகிறீர்கள். பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்தால் இங்கிலாந்தில் இதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் "கவுன்சிலிடம் சொல்லணும்" என்கிறார்? அவர் பில்டிங் ரெகுலேஷன்ஸை, அதாவது கட்டட வேலையின் தரம், பாதுகாப்பு பற்றிய விதிகளை, நினைத்துச் சொல்லியிருப்பார். அது வேறு சமாச்சாரம். 2002 ஏப்ரல் முதல் சன்னல் மாற்றுவதும் அதற்குள் வருகிறது. ஃபென்சா, செர்டாஸ் போன்ற சன்னல் போடுபவர்களுக்கான பதிவுத் திட்டங்களில் பதிவு செய்தவர் போட்டால் சான்றிதழ் தானாக வரும். தெரிந்தவர் மலிவாகப் போட்டுத் தருகிறார் என்றால், அந்த விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலில் நீங்கள்தான் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்பார். கொட்டேஷனில் சன்னல் சட்டத்தின் மேல் விளிம்பில் வரும் காற்றுத் துளை, அதாவது டிரிக்கிள் வென்ட், இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் கவுன்சில் இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு, கன்சர்வேஷன் ஏரியாவா (பழைய தோற்றத்தைப் பாதுகாக்கும் பகுதி), ஆர்ட்டிகிள் 4 உத்தரவு (அனுமதி இல்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களுக்கும் அனுமதி கேட்க வைக்கும் உத்தரவு) உண்டா என்று தேடுங்கள். அந்த உத்தரவு சன்னலையும் கட்டுப்படுத்தினால் மரத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட அனுமதி கேட்டே ஆக வேண்டும். கிடைப்பதும் சுலபமில்லை.

மேலே சொன்னது முழு வீட்டுக்குத்தான். ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, லீஸையும் (குத்தகை ஒப்பந்தம்) பார்க்க வேண்டும். லிஸ்டட் கட்டடம், அதாவது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளது, என்றால் தொடவே தொடாதீர்கள். தனி ஒப்புதல் இல்லாமல் மாற்றுவது குற்றம்.