பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த மாநிற முகம் ரெண்டரில் (இறுதிப் படத்தில்) மெழுகாகவும் சாம்பலாகவும் தெரிவது ஏன்? தோலையும் விளக்கையும் எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு ஆயாவின் முகத்தைச் செதுக்கியிருக்கிறீர்கள். உருவ ஒற்றுமை வந்துவிட்டது. யூடியூப் பாடத்தில் கொடுத்த எண்களை அப்படியே போட்டு ரெண்டர் எடுத்தால் காதும் மூக்கும் மெழுகு மாதிரி ஒளிர்கின்றன, கன்னம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, பேஸ் கலரை (தோலின் அடிப்படை நிறத்தை) எப்படி மாற்றினாலும் தேறவில்லை.

பேஸ் கலரைத் தொட வேண்டாம், கோளாறு அங்கே இல்லை. மெழுகுக்குக் காரணம் சப்சர்ஃபேஸ் ஸ்கேல், அதாவது ஒளி தோலுக்குள் எவ்வளவு தூரம் பரவும் என்ற அளவு. சாம்பலுக்குக் காரணம், தோலின் மேல் படியும் பளபளப்பும் அதைக் கொண்டுவரும் விளக்கும். கீழே உள்ள எண்கள் பிளெண்டர் 4.0-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும், சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இயந்திரத்துக்கும் பொருந்துபவை.

மெழுகை முதலில் முடித்துவிடலாம். பிரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப் என்ற மெட்டீரியல் நோடில் சப்சர்ஃபேஸ் ஸ்கேல் 0.05 மீட்டர் என்று இருக்கும், சிவப்பு, பச்சை, நீலத்துக்கான ரேடியஸ் 1.0, 0.2, 0.1. பெருக்கிப் பாருங்கள்: சிவப்பு ஒளி தோலுக்குள் 5 செ.மீ. பரவும் என்று அர்த்தம். முகவாயிலிருந்து உச்சந்தலைவரை சுமார் 22 செ.மீ. உள்ள தலையில் 5 செ.மீ. பரவினால் அது மெழுகுதான். உண்மைத் தோலில் சிவப்பு சில மி.மீ.தான் போகும், பச்சையும் நீலமும் அதைவிடக் குறைவு. சப்சர்ஃபேஸ் வெயிட் 1, ஸ்கேல் 0.0025, ரேடியஸ் 1.0, 0.37, 0.19 என்று தொடங்குங்கள். மாநிறத் தோலில் மேல்தோலின் மெலனின் ஒளியின் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதனால் வெள்ளைத் தோலுக்கு எழுதிய பாடங்களைவிட ஸ்கேலைக் கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும். காது மடல், மூக்கு நுனி ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் ஒரு மாஸ்க் (எங்கே எவ்வளவு என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) வைத்து 0.0035 வரை ஏற்றலாம். மெத்தட் ரேண்டம் வாக் ஸ்கின், ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.4.

இந்தக் கணக்கெல்லாம் தலை நிஜ அளவில் இருந்தால்தான். N விசையை அழுத்தினால் வரும் பேனலில் தலையின் உயரத்தைப் பாருங்கள். பலருடைய தலை 2 மீட்டர் உயரம் இருக்கும், ஏனென்றால் தொடக்கக் கனசதுரத்தின் அளவே அதுதான். அப்படி இருந்தால் 22 செ.மீ.க்குச் சுருக்கி, கன்ட்ரோல் ஏ அழுத்தி ஆப்ஜெக்டின் ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். பெரிய தலையில் 2.5 மி.மீ. பரவல் கண்ணுக்கே தெரியாது, முகம் கருங்கல்லாகிவிடும். அதைப் பார்த்துப் பயந்துதான் சப்சர்ஃபேஸ் ஸ்கேலை ஏற்றுகிறார்கள், பிறகு மெழுகு வருகிறது.

இனி சாம்பல். இதுதான் முக்கியமான விஷயம், ஆனால் பெரும்பாலான பாடங்களில் இது வருவதில்லை.

நடுத்தர மாநிறம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆர்ஜிபி 138, 90, 60. இதை லீனியராக (உண்மையில் திரும்பும் ஒளியின் அளவாக) மாற்றினால் சிவப்பு 0.25, பச்சை 0.10, நீலம் 0.045. நீலத்தில் வெறும் நாலரை சதவீத ஒளிதான் திரும்பி வருகிறது. தோலின் மேற்பரப்பு தன் பங்குக்கு, நேராக விழும் ஒளியில் சுமார் 3 சதவீதத்தை நிறம் மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்பும். ஓரங்களில் இன்னும் அதிகம். சராசரியாக 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாபக்கமும் வெளிச்சமான எச்டிஆர்ஐ (சுற்றுப்புற வெளிச்சப் படம்) ஒன்றைப் போட்டால் இந்த 0.04 முகம் முழுக்கச் சமமாகப் படியும். முகம் 0.29, 0.14, 0.085 ஆகிவிடும். சிவப்புக்கும் நீலத்துக்கும் இருந்த விகிதம் ஐந்தரையிலிருந்து மூன்றரைக்கு அருகில் இறங்கிவிட்டது. சாம்பல் வந்தது இப்படித்தான். இதே 0.04-ஐ 0.6, 0.35, 0.25 என்ற வெளுத்த தோலில் சேர்த்துப் பாருங்கள், விகிதம் 2.4-லிருந்து 2.2 ஆகும். யாருக்கும் தெரியாது. பாடம் எடுத்தவருக்குச் சரியாக வந்தது உங்களுக்கு வராமல் போனது இந்தக் கணக்கால்.

இதற்காகச் சிலர் ஸ்பெகுலரை (பளபளப்பை) அடியோடு குறைப்பார்கள். அது தப்பு, முகம் வெல்வெட் துணி போலாகி உயிரே போய்விடும். கறுத்த தோலில் எலும்பின் வடிவத்தைக் காட்டுவதே அந்தப் பளபளப்புதான். அதை எல்லா இடத்திலும் பரப்பாமல், ஒரே திசையிலிருந்து ஓர் உருவத்தோடு விழவைக்க வேண்டும்.

ஆகவே டெக்ஸ்சருக்குப் போகும் முன்பே விளக்கை வையுங்கள். முகத்துக்கு 0.18 சாம்பல் நிறம், ரஃப்னஸ் (சொரசொரப்பு; குறைந்தால் பளபளப்பு கூடும்) 0.4 என்று ஒரு வெற்று மெட்டீரியல் கொடுங்கள். எச்டிஆர்ஐயை எடுத்துவிட்டு வேர்ல்டை (சுற்றுப்புறப் பின்னணியை) கறுப்பாக்குங்கள். ஆயா முகத்துக்குத் திண்ணை வெளிச்சத்தைவிடப் பொருத்தமானது வேறு இல்லை என்பேன். தெருப்பக்கம் திறந்த வானம் ஒரே பெரிய விளக்கு, பின்னால் இருட்டான வாசல், கீழே சிவப்புச் சிமெண்ட் தரை. இதைக் கட்டுவது எளிது. 1.2 க்கு 0.9 மீட்டர் ஏரியா லைட் ஒன்று, முகத்திலிருந்து 1.5 மீட்டர் தூரத்தில், பக்கவாட்டில் 45 பாகை, கண் மட்டத்துக்கு மேலே 30 பாகை. பவர் 30 வாட்டில் தொடங்குங்கள். இது வீட்டு பல்பின் வாட் கணக்கு அல்ல. தூரத்தை 3 மீட்டராக்கினால் அதே வெளிச்சத்துக்கு 120 வாட் வேண்டும், கூடவே நிழலும் கடினமாகும். மறுபக்கம் முகத்திலிருந்து அரை மீட்டரில் ஒரு கறுப்புப் பிளேனை (தட்டைப் பலகையை) நிறுத்துங்கள். கன்னத்தின் ஓரம் அதைத்தான் பிரதிபலிக்கும், சாம்பல் திரை அங்கே அறுந்துபோகும். கீழே ஒரு பிளேன், பேஸ் கலர் 0.30, 0.07, 0.04. இதிலிருந்து எழும் செம்மை முகவாய்க்கு அடியில் படியும். நிழல் நீலம் பாய்ந்து செத்துப்போகாமல் இருப்பது இதனால்தான்.

நிழல்பக்கம் மிகவும் இருண்டால் ஃபில் லைட் (நிழலை நிரப்பும் விளக்கு) வைக்கலாம். ஆனால் அந்த லைட்டின் ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டீஸ், விசிபிலிட்டி, ரே விசிபிலிட்டியில் போய் கிளாஸியை (Glossy, பளபளப்பில் தெரிவது) அணைத்துவிடுங்கள். அப்போது ஃபில் நிறத்தை மட்டும் தூக்கும், பளபளப்பைச் சேர்க்காது, கண்ணில் இரண்டாவது வெளிச்சப் புள்ளியும் விழாது. நிஜ ஸ்டுடியோவில் செய்ய முடியாத திருட்டுத்தனம்தான், மாநிற முகத்துக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் பிளெண்டரில் இல்லை.

கடற்கரைக் காட்சியே வேண்டுமென்றால்: நம் கடல் கிழக்கே இருக்கிறது, எனவே காலை வெளிச்சம் தண்ணீர்ப் பக்கமிருந்து தாழ்வாக வரும். சூரியனை இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப நிறுத்தும் சன் பொசிஷன் ஆட்-ஆனில் அட்சரேகை 11.75, தீர்க்கரேகை 79.77, நேர வித்தியாசம் 5.5 கொடுங்கள். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் மணிக்குச் சுமார் 14 பாகை உயரும். முகத்துக்கு ஏற்ற 8 முதல் 12 பாகை உயரம், உதயத்துக்குப் பிறகு அரை மணியைத் தாண்டித் தொடங்கி, ஒரு மணிக்குள் முடிந்துவிடும். சன் ஸ்ட்ரெங்த் 3, ஆங்கிள் 0.53 பாகை, எதிர்ப்பக்கம் மங்கிய நீல வேர்ல்ட் 0.3. நடுப்பகல் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் கடலூரில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கண்குழி இரண்டும் கறுப்பு ஓட்டையாகிவிடும்.

சாம்பல் மெட்டீரியலிலேயே முகம் ஆயா மாதிரி தெரிகிறதா? அப்படியானால் டெக்ஸ்சருக்குப் போகலாம்.

மாதிரிப் புகைப்படம் எடுப்பதாக இருந்தால் நிழலில், ஒரு வெள்ளைத் தாளை முகத்தருகே வைத்து எடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களில் எடுக்கவே கூடாது. அந்த மஞ்சள் சுவர்களின் எதிரொளி கன்னத்தில் படிந்து, பிறகு எந்த விளக்கு வைத்தாலும் மஞ்சள் போகாது. படத்தில் நெற்றிப் பளபளப்பு இருந்தால் அதை அழித்துவிட்டுத்தான் பேஸ் கலரில் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கைத் திருப்பினாலும் அந்த வெள்ளைத் திட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நிறத்தில் மூன்று பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நெற்றி சற்று மஞ்சள் சார்ந்தது. கன்னம், மூக்கு, காது செம்பழுப்பு. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் கறுப்பு கூடும். வெயிலில் கண்ணைச் சுருக்கியே பழகிய முகத்தில் கண்ணோரச் சுருக்கங்களின் உள்பக்கம் வெயில் படாமல் வெளுத்திருக்கும். கேவிட்டி மேப்பை (பள்ளங்களைக் காட்டும் படத்தை) எடுத்து எல்லாச் சுருக்கத்தையும் கறுப்பாக்குவது வழக்கம். இந்த இடத்தில் அது தலைகீழ், கோடு போட்டு வரைந்தது போல் தெரியும். வெற்றிலை போடுகிறவர் என்றால் உதட்டின் உள்விளிம்பிலும் வெடிப்புகளிலும் மட்டும் செங்கறை, வெளிவிளிம்பு ஊதா கலந்த பழுப்பு.

ரஃப்னஸ் மேப்தான் நேரத்தைக் கேட்கும். நெற்றி நடுவும் மூக்கும் 0.34, கன்னம் 0.45, தாடையும் கழுத்தும் 0.52, உதடு 0.3. இந்த எண்கள் தட்டையாக இருக்கக் கூடாது, தோல் துவாரங்களின் மேப்பால் மேலும் கீழும் 0.05 அளவுக்கு உடைத்துவிடுங்கள். கடலோரப் புழுக்கத்துக்கு மூக்கிலும் மேலுதட்டிலும் கோட் (மேலே படியும் பளபளப்புப் படலம்) வெயிட் 0.15, கோட் ரஃப்னஸ் 0.15, மாஸ்க் வழியாக. ரஃப்னஸ், மேடுபள்ளத்தைக் காட்டும் பம்ப், நார்மல் ஆகிய மூன்று மேப்புக்கும் கலர் ஸ்பேஸ் நான்-கலர். எஸ்ஆர்ஜிபியிலேயே விட்டால் 0.5 என்று வரைந்தது 0.21 ஆகி முகம் எண்ணெய் வழியும். நார்மல் மேப்பில் சுருக்கங்கள் மேடாகத் தெரிந்தால் அது டைரக்ட்எக்ஸ் முறையில் வந்தது, பச்சை சேனலைத் தலைகீழாக்குங்கள். பம்ப் டிஸ்டன்ஸ் 0.0005 மீட்டர் போதும். 1 மீட்டர் என்று நின்றால் எவ்வளவு ஸ்ட்ரெங்த் குறைத்தாலும் ஆரஞ்சுத் தோல்தான் வரும்.

மஞ்சள் பூசிய முகத்துக்கு மேலே மஞ்சள் பெயின்ட் அடிக்காதீர்கள். மஞ்சள் செய்வது நீலத்தை விழுங்குவது மட்டுமே. நீலத்தை 0.045-லிருந்து 0.03 ஆக்கி, தண்ணீர் ஊற்றினாலும் போகாத இடங்களில், அதாவது முடி விளிம்பு, மூக்குச் சரிவு, தாடையோரம், மாஸ்க்கை அரைவாசி வலுவில் விடுங்கள். திருநீறு வேறு ஜாதி, அது தோலின் மேல் உட்காரும் பொடி. நிறம் 0.6, அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு. ரஃப்னஸ் 0.95, ஸ்பெகுலர் ஐஓஆர் லெவல் 0.1, சப்சர்ஃபேஸ் வெயிட் சுழியம். விரல் முதலில் பட்ட இடத்தில் அடர்த்தி, இழுத்து முடித்த இடத்தில் தேய்வு. நெற்றிச் சுருக்கத்தின் பள்ளத்தில் பொடி படாமல் கோடு அறுந்திருக்கும். மாஸ்க்கை கேவிட்டி மேப்பாலும் நுண்ணிய நாய்ஸ் டெக்ஸ்சராலும் பெருக்கினால் இது வந்துவிடும். குங்குமமும் இதே கதைதான், விளிம்பில் துகள் சிதறல் மட்டும் கூடுதல். ஸ்டிக்கர் பொட்டு என்றால் தனி வட்ட மெஷ், அரை மி.மீ. கனம், ரஃப்னஸ் 0.7.

கண்ணுக்கு விழி விட்டம் 24 மி.மீ., கருவிழி மூடி (கருவிழிக்கு முன்னுள்ள கண்ணாடிப் படலம், கார்னியா) தனி மெஷ், ஐஓஆர் 1.376. வெண்விழி வெள்ளை இல்லை, வயதானவருக்கு 0.5, 0.43, 0.36 போதும். கருவிழி மூடியைக் கிளாஸ் (கண்ணாடி) ஷேடராக விட்டால் சைக்கிள்ஸ் அதன் நிழலை உள்ளே போட்டுக் கருவிழியை இருட்டாக்கும். லைட் பாத் நோடின் இஸ் ஷேடோ ரேயை மிக்ஸ் ஷேடருக்குக் கொடுத்து, நிழலுக்கு மட்டும் டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள். கீழிமை விளிம்பில் ஈரக் கோட்டுக்கு ஒரு மெல்லிய டியூப் சேருங்கள், அது இல்லாத கண் ஒட்டவைத்தது போல் இருக்கும்.

தேங்காயெண்ணெய் தடவிய முடிக்கு பிரின்சிபிள்ட் ஹேர், மெலனின் 0.95, ரஃப்னஸ் 0.18. இழைகளைக் கற்றையாக்கும் கிளம்ப்பைக் கூட்டினால்தான் எண்ணெய் தெரியும். நரை இழைகளைத் தனி அமைப்பாக மெலனின் 0.05-க்கு வையுங்கள்.

கேமரா 85 மி.மீ., 1.5 மீட்டர் தூரம். எஃப் 2.8-இல் தெளிவாக இருப்பது சுமார் 5 செ.மீ. ஆழம்தான். அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ஒளியைத் திரை நிறமாக மாற்றும் முறை) ஏஜிஎக்ஸ், லுக் மீடியம் ஹை கான்ட்ராஸ்ட். எக்ஸ்போஷரை ஏற்றி முகத்தைப் பாடத்தில் கண்ட அளவுக்கு வெளுப்பாக்க வேண்டாம். மேலே சொன்ன மாநிறத்தின் ஒளிர்வு 0.13, நடுச் சாம்பலான 0.18-ஐவிட அரை ஸ்டாப் கீழே இருப்பதுதான் அதன் இடம். அதைத் தாண்டித் தூக்கினால் ஏஜிஎக்ஸ் வெளிச்சப் பகுதிகளில் நிறத்தை உறிஞ்சும், ஒழித்த சாம்பல் திரும்பி வரும்.

கடைசியாக மூக்குத்தி. தங்கத்துக்கு ஆர்ஜிபி 255, 226, 155, மெட்டாலிக் 1, ரஃப்னஸ் 0.2. கல் மூக்குத்தியைச் சுற்றிக் கன்னத்தில் வெண்புள்ளிகள் தெறித்தால் சாம்பிளை ஏற்றிப் பயனில்லை. ரெண்டர் பிராப்பர்ட்டீஸ், லைட் பாத்ஸில் காஸ்டிக்ஸ் (கல்லும் உலோகமும் குவித்துத் தெறிக்கும் ஒளி) இரண்டையும் அணையுங்கள், எதிரொளியின் உச்ச அளவான கிளாம்ப் இன்டைரக்டை 10-லிருந்து 3-க்கு இறக்குங்கள். பிறகு நாய்ஸ் த்ரெஷோல்ட் 0.01, சாம்பிள் 1024. இதற்கும் கீழே போய் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்சரை நம்பினால் நீங்கள் உழைத்துப் போட்ட துவாரங்களைத்தான் அது முதலில் துடைக்கும்.