லாரி நீளம், புகை, எஃப்.சி.: கேட்டதும் சொன்னதும்

சங்ககிரியில் பாடி பட்டறையும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேலையும் பார்க்கிறவன் நான். லாரியின் அளவு, எடை, புகை மூன்றைப் பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெர்மிட் வாங்கித் தரச் சொன்னவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அது வேறு தொழில்.

திருச்செங்கோட்டிலிருந்து: அண்ணா, நான்கு பின்சக்கரம் உள்ள ஆறு சக்கர சேஸ் (பாடி கட்டாத வண்டி) எடுக்கிறேன். நூலும் துணியும்தான் லோடு; எடை குறைவு, இடம் அதிகம் வேண்டும். பட்டறையில் 34 அடி கன்டெய்னர் பாடி கட்டித் தருகிறேன் என்கிறார்கள். கட்டலாமா?

கட்ட வேண்டாம், தம்பி. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன், டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்.

ட்ரெயிலர் இல்லாத சரக்கு வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 93 கொடுக்கும் முழு நீளம் 12 மீட்டர். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை. அகலம் 2.6 மீட்டர். கேபினும் அதற்கும் பாடிக்கும் இடையிலுள்ள சந்தும் சேர்ந்து ஏறக்குறைய 2.1 மீட்டர் தின்றுவிடும். 34 அடி என்பது 10.36 மீட்டர். கூட்டினால் 12.46 வருகிறது. 32 அடி என்றால் 9.75, கூட்டினால் 11.85, உள்ளே அடங்கிவிடும். சாலையில் பார்க்கிற நீளமான கன்டெய்னர் லாரிகளெல்லாம் 32 அடியிலேயே ஏன் நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? இந்தக் கணக்குதான்.

இன்னொரு விதியைப் பட்டறைக்காரர் சொல்லவே மாட்டார். பின்னச்சு மையத்துக்குப் பின்னே வண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: முன்சக்கர மையத்துக்கும் பின்னச்சு மையத்துக்கும் உள்ள தூரத்தில் 60 சதவீதம். நீங்கள் எடுக்கும் சேஸில் அந்தத் தூரம் 5.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் 3.36 மீட்டர். முன்சக்கர மையத்துக்கு முன்னே 1.4 மீட்டர் இருக்கும். மூன்றையும் கூட்டினால் 10.36 மீட்டர். அதில் கேபினுக்கு 2.1 கழித்தால் பாடிக்கு மிச்சம் 8.26 மீட்டர், அதாவது 27 அடி. அந்தச் சேஸில் 32 அடிகூட ஏறாது. 32 அடி வேண்டுமென்றால் அச்சு தூரம் 6.7 மீட்டர் அளவில் உள்ள சேஸைக் கேட்டு வாங்க வேண்டும். பத்துச் சக்கர வண்டியில் பின்னச்சு இரண்டுக்கும் நடுவை ஒட்டி அளப்பார்கள் என்பதால் கணக்கு கொஞ்சம் மாறும்.

சேஸை வெட்டி நீட்டிப் பற்றவைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாருக்கு? வண்டி உரிமையாளருக்கு. பாடி கட்டியவர் பெயர் ஆர்.சி.யில் இருக்காது.

திருப்பூரிலிருந்து: எங்கள் பனியன் சரக்கு 40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய வகைக் கன்டெய்னரில் தூத்துக்குடி போகிறது. வழியில் ஒருவர் உயரம் அதிகம் என்று நிறுத்தினார். எது சரி?

உயரம் கூடிய வகைக் கன்டெய்னரின் உயரம் 2.896 மீட்டர். ட்ரெயிலர் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர். கூட்டினால் 4.4 மீட்டருக்குச் சற்றுக் கீழே. சர்வதேசத் தரக் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெயிலருக்கு விதி அனுமதிக்கும் உயரம் 4.52 மீட்டர். ஆகவே உங்கள் வண்டி விதிக்குள்தான் இருக்கிறது. டிரைவர் கையில் கன்டெய்னர் அளவு எழுதிய தாள் ஒன்று இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நீளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: இழுவை வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்து 18.75 மீட்டர். 40 அடிக் கன்டெய்னர் 12.19 மீட்டர்தான் என்பதால் அங்கே சிக்கல் வராது. இழுவை வண்டிக்கு ஒரு ஆர்.சி., ட்ரெயிலருக்குத் தனி ஆர்.சி. ட்ரெயிலரின் எஃப்.சி. தேதியை மறந்துவிடுகிற ஆட்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

விதி 4.52 என்றாலும் ரயில்வே சுரங்கப்பாதைக்கு விதி தெரியாது. எந்தத் தண்டவாளத்துக்கு அடியில் போக முடியும் என்பதை அங்கே தொங்கும் பலகை சொல்வதைக் கேளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் ஆறாம் கட்டம்) வண்டி. யூரியா தண்ணீர்ச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் யூரியாவே இல்லாமல் ஓடும், புகைச் சான்றும் கிடைக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து.

வண்டி ஓடும். அந்தப் பெட்டி, யூரியா பாய்கிறது என்று எஞ்சின் கணினிக்குப் பொய் சொல்லும். புகைச் சான்றும் கிடைக்கும். ஏனென்றால் டீசல் வண்டிக்கான புகைப் பரிசோதனை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும் கரும்புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறது. யூரியா வேலை செய்வது கரும்புகையில் அல்ல. அது நைட்ரஜன் ஆக்சைடு என்ற கண்ணுக்குத் தெரியாத வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. பி.எஸ்.4 காலத்தில் கனரக எஞ்சினுக்கு இந்த வாயுவின் வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம். 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 வந்தபோது அதை 0.4 கிராம் அளவுக்கு இறக்கினார்கள். எட்டில் ஒரு பங்கு. அந்த இறக்கத்தைச் செய்வது உங்கள் மெக்கானிக் கழற்றப் பார்க்கும் சாமான்தான். கண்ணுக்குத் தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்க வேண்டாம். வெயிலில் அதுவே ஓசோனாகவும் நுண்தூசியாகவும் மாறுகிறது. அதைக் கேபினில் உட்கார்ந்து சுவாசிப்பவர் உங்கள் டிரைவர்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 100 லிட்டர் டீசலுக்கு 4 முதல் 6 லிட்டர் யூரியா நீர் போகும். அதைவிட நிறைய போகிறது என்றால் கசிவு இருக்கிறது, அல்லது தெளிப்பான் முனையில் வெள்ளைப் படிகம் கட்டியிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பெட்டி மாட்டிய வண்டிக்கு வாரன்டி போய்விடும். 182ஏ பிரிவு இங்கேயும் வரும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கண்காணிப்பு இன்னும் கூர்மையாகிவிட்டது. விற்கப் போகும்போது, விவரம் தெரிந்த ஆள் முதலில் கழற்றிப் பார்ப்பதும் இந்த இடத்தைத்தான்.

ஈரோட்டிலிருந்து, மேலே உள்ளதைப் படித்துவிட்டு: அப்படியானால் தோட்டத்துக்கு வாங்கும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாமே?

ஊற்றாதீர்கள். டேங்கில் ஊற்ற வேண்டியது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் உப்பு நீக்கிய நீரும். உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். போர்த் தண்ணீரில் நம் பக்கத்து உப்பு முழுதும் இருக்கும். இரண்டும் சேர்ந்து, புகைக்குழாயில் அந்த வாயுவை மாற்றித் தரும் வினையூக்கியைக் கொன்றுவிடும். அதன் விலையைக் கேட்டால் வயிறு எரியும். மானிய உரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

கரூர் பக்கத்து கிரஷர் லாரி உரிமையாளர் ஒரு பெண்மணி: வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாததால் நான்தான் வண்டியைக் கவனிக்கிறேன். ஜல்லி லோடு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடைதான். டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது, வண்டி இழுவை குறைகிறது. டிரைவர் அதைக் கழற்றிவிடலாம் என்கிறார்.

கழற்ற வேண்டாம், அம்மணி. வண்டியில் கோளாறு எதுவும் இல்லாமலே இது வரும். நடை குறைவாக இருப்பதுதான் காரணம்.

டி.பி.எஃப். என்பது சைலன்சர் வரிசையில் உள்ள கரி வடிகட்டி. சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஓடும்போது இயல்பாக எரிய, புகை 250 முதல் 300 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். குவாரியில் வரிசையில் நின்று, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்து, பதினைந்து கிலோமீட்டர் போய் இறக்கினால் அந்தச் சூடு வருவதே இல்லை. அப்போது வண்டி கூடுதல் டீசலைப் பாய்ச்சி 550, 600 டிகிரிக்கு ஏற்றி எரிக்கப் பார்க்கும். அது முடிவதற்குள் டிரைவர் சாவியை அணைத்துவிடுவார். மறுபடி அதே கதை. இப்படிப் பாதியில் நின்றால், எரியாத டீசல் போய் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலையும் நீர்க்க வைக்கும்.

செய்ய வேண்டியது இது. காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறையாவது வண்டியை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட விடுங்கள். லோடோடு போனால் இன்னும் நல்லது. விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, கரியை எரிக்கும் சுவிட்சைப் போட்டு, முடியும்வரை அரைமணி நேரம் தொடாமல் விடச் சொல்லுங்கள். காய்ந்த புல், வைக்கோல், தேங்காய் மட்டை பக்கத்தில் நிறுத்தி அதைச் செய்யவே கூடாது. சைலன்சர் அடுப்புப் போலக் கொதிக்கும். ஆயில் மாற்றும்போது சி.கே.-4 வகை, சாம்பல் குறைந்த ஆயில்தானா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். கரி எரியும், ஆயில் சாம்பல் எரியாது. அது நிரம்பினால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். கழற்றுவதற்கு நியாயமான காரணம் அது ஒன்றுதான்.

இவ்வளவு குறுகிய நடைக்குப் பி.எஸ்.6 டிப்பர் பொருத்தமா என்று கேட்டால், பொருத்தமில்லை என்பதுதான் என் எண்ணம். புதிதாக வாங்குவதற்கு வேறு வழியும் இல்லை.

சங்ககிரியிலேயே ஒருவர்: சிமென்ட் லோடு. 2018-இல் எடை கூட்டிவிட்டார்கள் அல்லவா? பிறகு ஏன் அபராதம்?

2018 ஜூலையில் கூட்டினார்கள். இரண்டு அச்சு வண்டி 16.2 டன்னிலிருந்து 18.5, மூன்று அச்சு 25-லிருந்து 28.5, ஐந்து அச்சு 37-லிருந்து 43.5, ட்ரெயிலர் கூட்டுக்கு உச்சம் 49-லிருந்து 55. இவை வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. ஆனால் எடை மேடையில் நிற்கும்போது அறிவிப்பைப் பார்ப்பதில்லை, உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையைத்தான் பார்ப்பார்கள். பழைய வண்டி, பழைய எண் என்றால் அந்த எண்தான் உங்களுடையது.

அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன் கூடினால் 30,000. சரக்கை இறக்கும் செலவு தனி. ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டவைத்தவருக்கும் பொருந்தும் வகையில் இந்த அபராதப் பிரிவை எழுதியிருக்கிறார்கள். ஏற்றி அனுப்பும் இடத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். அங்கே யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

பெருந்துறையிலிருந்து: கம்பி லோடு பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டலாம், சிவப்புத் துணி கட்டினால் போதும் என்பார்களே?

பழைய கதை. 2014-இல் அந்த ஒரு மீட்டரை எடுத்துவிட்டார்கள். இப்போது முன்னே, பின்னே, பக்கவாட்டில் எதுவும் நீட்டக் கூடாது. 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய். வைக்கோல் லாரிக்கும் இதே விதி. அறுப்புக் காலத்தில் சாலையை அடைத்துக்கொண்டு போகிற அந்த வண்டிகளுக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் போனவர்களுக்கு இந்த அபராதம் அதிகம் என்று தோன்றாது.

பல்லடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நீளத்துக்கு 18.75 மீட்டர்தான் என்றால், காற்றாலை இறக்கை மட்டும் எப்படிப் போகிறது?

நல்ல கேள்வி. 140 மீட்டர் சுழல்விட்டம் உள்ள காற்றாலைக்கு ஒவ்வொரு இறக்கையும் 70 மீட்டர் பக்கம் வரும். அதை வெட்டி ஏற்ற முடியாது. பிரிக்க முடியாத சரக்குக்குத் தனி அனுமதி உண்டு: தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய அமைச்சகத்தின் இணையதளம் வழியாக, எந்த வண்டி, எந்தப் பாதை என்று குறிப்பிட்டு வாங்க வேண்டும். உடுமலை, தாராபுரம் பக்கம் ஊருக்குள் திரும்பும் இடங்களில் மின்கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும், பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டுவதும் நடக்கும். பின்சக்கரத்தைத் தனியாகத் திருப்புகிற ட்ரெயிலர் அது. இரவில் நின்று வேடிக்கை பார்க்கத் தகுந்த வேலை.

நாமக்கல்லிலிருந்து இன்னொருவர்: பி.எஸ்.3 வண்டி, 15 வருடம் தாண்டிவிட்டது. உடைத்துத்தான் ஆக வேண்டுமா? டெல்லி லைன் போக முடியுமா?

தனியார் வண்டியை வயதுக்காக மட்டும் உடைக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை, எஃப்.சி. தேற வேண்டும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடந்தோறும். பழைய வண்டிகளுக்குக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். புகைச் சான்று உங்களுக்கு ஆறு மாதம்தான், பி.எஸ்.4, 6 வண்டிகளுக்கு ஒரு வருடம். சான்று இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை.

டெல்லியை மறந்துவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல், வெளியூர்ப் பதிவுள்ள பி.எஸ்.3 சரக்கு வண்டி உள்ளே நுழைய முடியாது. பி.எஸ்.4 வண்டிக்கு 2026 அக்டோபர் 31 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். தெற்கே மட்டும் ஓடுகிற லைன் பிடியுங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: திம்பம் வழியாக மைசூர் போகப் பன்னிரண்டு சக்கர வண்டி வாங்கலாமா?

அந்த வழிக்காக என்றால் வேண்டாம். 27 கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டு சக்கரத்துக்கும் அதற்கு மேலும் தடை, 16.2 டன்னுக்கு மேல் ஏற்றினாலும் தடை. புலிகள் காப்பகம் என்பதால் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை அனுமதி இல்லை. ஆறு சக்கர வண்டி போதும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எஃப்.சி.க்குப் போகும்போது ஒளிரும் ஸ்டிக்கர் எந்த நிறம், எங்கே?

முன்னே வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னே சிவப்பு. தரக் குறியீடு அச்சிட்ட ஸ்டிக்கர்தானா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் பாடியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். சிமென்ட் தூசி மேல் ஒட்டினால் மழைக்கு உரிந்துவிடும்.