வேகக் கட்டுப்பாட்டை இழந்த ஓட்டோவும் ஒரு புள்ளிமானும்

கேள்வி: உங்கள் ஊரில் நடந்த, சொன்னால் யாரும் நம்பாத வீதி விபத்து ஏதாவது உண்டா?

உண்டு. என் மாமா இதைச் சொன்னபோது பொலிஸ் நம்பவில்லை, இன்சூரன்ஸ் நம்பவில்லை, மாமியும் நம்பவில்லை. நான் பக்கத்தில் நின்றபடியால் எனக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊர் திருகோணமலை. வெளியூர்க்காரருக்கு முதலில் மான் கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே, புள்ளிமான்கள் கூட்டமாக நிற்கும். அங்கேயே நின்றால் பரவாயில்லை. பஸ் நிலையம், மைதானத்தடி, கடற்கரை, கடைத்தெரு என்று டவுன் முழுக்க அதுகளின் உலாத்தல்தான். இரவில் சந்தடி அடங்கிய பிறகு பஸ் நிலையத்தில் குடும்பம் குடும்பமாகப் படுத்து அசைபோடும். விடியப்புறம் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், தூக்கக் கலக்கத்தில் பையை வைக்க இடம் பார்த்து, படுத்திருப்பது நாய் என்று நினைத்து "சூ" என்பார். அது கொம்போடு எழும்பும்.

ஹோன் அடித்தால் விலகாது. திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ச் சாரதிகளுக்கு இது பழக்கம். வேகத்தைக் குறைத்து, சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வில்லங்கம் வெளியூர் வாகனங்களால்தான். ஒரு வான் மானைக் கண்டதும் நடுவீதியில் சடாரென்று நிற்கும். பிள்ளைகள் ஜன்னலால் தலையை நீட்டுவார்கள், தகப்பன் போனை நீட்டுவார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் போய் வானின் பின்பக்கத்தில் முட்டும். இரண்டு தரப்பும் இறங்கிச் சண்டை பிடிக்கும். மான் நின்று வேடிக்கை பார்க்கும்.

(சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் ஷீட்டை, ஒட்டியிருக்கும் சோற்றோடு சேர்த்து இந்த மான்கள் தின்றுவிடும். அப்படிப் பிளாஸ்டிக் வயிற்றில் சேர்ந்து செத்த மான்கள் உண்டு. பார்சலைச் சாப்பிட்டுவிட்டு வீதியில் எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. சரி, கதைக்கு வருகிறேன்.)

நடந்தது 2022 ஆகஸ்ட். இலங்கையில் அந்த வருடம் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோல் தட்டுப்பாடு. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் அட்டை வந்த புதிது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அதற்கும் வரிசை. இதில் எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு விசேஷமான வயிற்றெரிச்சல்: சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. தொண்ணூற்றொன்பது தாங்கிகளை ஊருக்குள் வைத்துக்கொண்டு நாலு லீற்றருக்கு விடிய மூன்று மணிக்கு வரிசையில் போய் நின்றோம்.

அப்படி நின்று அலுத்துத்தான் மாமா, பின் வளவில் கோழி படுத்துக்கொண்டிருந்த தன் பழைய லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார். மாமாவுக்கு அறுபத்திரண்டு வயது. சைக்கிளுக்கு முப்பதாவது இருக்கும். இரண்டுக்கும் முழங்கால் பிரச்சினை.

அன்று காலை மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஒரு தேத்தண்ணிக் கடையடியில் நிறுத்தினோம். ஹாண்டிலின் ஒரு பக்கம் மீன் பை, மற்றப் பக்கம் இரண்டு பிடி கங்குன் கீரை உள்ள பை. கீரைப் பை ஆடாமல் இருக்க மாமா அதன் காதை ஹாண்டிலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தார். அந்த முடிச்சுத்தான் எல்லாவற்றுக்கும் காரணம். கடைக்கு முன்னால் ஒரு ஓட்டோ நின்றது. ஓட்டோ அண்ணன் உள்ளே பிளேன்டீயும் வடையுமாக இருந்தார். அவருடைய ஓட்டோவில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. அன்று அவருடைய முறை வரவில்லை என்று, அந்த இடத்துக்கே தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடா மான் ஒன்று வந்தது. நல்ல கிளைவிட்ட கொம்பு. அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா போல நடந்து வந்து கீரைப் பைக்குள் மூஞ்சியை விட்டது. மாமா வடையைக் கையில் வைத்துக்கொண்டே "ஏய், ஏய்" என்றார். மான் இரண்டு வாய் தின்றது. "டேய், கீரையடா!" என்று மாமா எழும்பினார். அப்போதுதான் மான் தலையைத் தூக்கியது. பையின் காது கொம்பில் மாட்டியிருந்தது. ஹாண்டிலில் போட்ட முடிச்சு அவிழவில்லை.

அடுத்தது நடந்து முடிய நாலு விநாடிகூட ஆகியிருக்காது. மான் பின்வாங்கியது, சைக்கிளும் கூடவே வந்தது. தன்னை ஒரு லுமாலா துரத்துகிறது என்று மானுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரே பாய்ச்சல். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து விழுந்து, மணி கிணுகிணுவென்று அடிக்க, பத்துப் பன்னிரண்டு அடி இழுபட்டுப் போய் ஓட்டோவின் முன்பக்கத்தில் மோதியது. சைட் கண்ணாடி போய்விட்டது. சத்தம் கேட்டு ஓட்டோ அண்ணன் துள்ள, அவருடைய பிளேன்டீ பக்கத்து மேசைக்காரரின் காலில் கொட்டியது. அவர் துள்ளிப் போய் வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் ஒரு காலை விட்டார். சைக்கிளைப் பிடிக்க ஓடிய மாமா மீனில் வழுக்கி முழங்காலில் விழுந்தார். பை கிழிந்தது. மான் கொம்பில் பாதிப் பையும் கொஞ்சம் கீரையுமாகக் கோட்டைப் பக்கம் போய்விட்டது.

அவ்வளவுதான் விபத்து. பிறகு நடந்ததுதான் செய்தி.

ஒரு தம்பி போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றான். முகப்புத்தகத்தில் செய்திப் பக்கம் நடத்துகிறானாம். மத்தியானத்துக்குள் வந்துவிட்டது: "திருமலையில் கோர விபத்து! மூவர் காயம்!" உள்ளே, "வேகக் கட்டுப்பாட்டை இழந்த முச்சக்கரவண்டி ஒன்று துவிச்சக்கரவண்டியுடன் மோதியதில் மூவர் காயமடைந்துள்ளனர். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." மானைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. படமும் வேறு எங்கோ நொறுங்கிக் கிடந்த ஓட்டோவுடையது, சிவப்பு வட்டம் போட்டு.

எங்கள் உள்ளூர்ச் செய்திகளை வாசிக்கிறவர்களுக்கு இந்த நடை தெரிந்திருக்கும். யார் எதில் முட்டினாலும் முதலில் வேகக் கட்டுப்பாட்டை இழந்தாக வேண்டும். மதிலில் முட்டினாலும் அப்படித்தான், கட்டாக்காலி மாட்டில் முட்டினாலும் அப்படித்தான். இரவில் தார் வீதி சூடாக இருக்கிறது என்று பத்து மாடு நடுவில் படுத்திருந்தால் மனிதன் என்ன செய்வான்? அதை யாரும் எழுதுவதில்லை. மாட்டிடம் வேகம் இல்லையே, இழப்பதற்கு.

பெற்றோல் இல்லாமல் நின்ற ஓட்டோ வேகக் கட்டுப்பாட்டை இழந்ததை ஊர் நம்பிவிட்டது. கருத்துகள் நிரம்பின. "ஓட்டோக்காரர் எல்லாரும் இப்படித்தான்." "லைசன்ஸைப் பறிக்க வேண்டும்." ஒருவர் மட்டும் யோசித்திருந்தார்: "இந்தத் தட்டுப்பாட்டிலும் இவ்வளவு வேகமாக ஓட இவனுக்கு எங்கே பெற்றோல் கிடைத்தது? கறுப்புச் சந்தையா?" பாவம், ஓட்டோ அண்ணனைப் பார்த்து இரண்டு பேர் இரகசியமாக வந்து "அண்ணை, எங்களுக்கும் ஒரு போத்தல்…" என்று கேட்டிருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா. எடுத்தவுடனே அழுகை. "தம்பி உயிரோட இருக்கிறானோ? மறைக்காமச் சொல்லுங்கோ!" மாமா போனை வாங்கி, "அக்கா, எனக்கு ஒன்றுமில்லை, மான்தான் கீரையைத் தின்னப் போய்…" என்று ஆரம்பித்தார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெரியம்மா மாமியைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாவாம்: "தலையில அடிபட்டிருக்கு, ஸ்கான் எடுங்கோ."

மறுநாள் ஓட்டோ அண்ணன் இன்சூரன்ஸுக்குப் போன் பண்ணினார். மோதிய வாகனத்தின் இலக்கம் கேட்டார்கள். சைக்கிள் என்றார். ஓட்டியவர் யார் என்றார்கள். மான் என்றார். போன் கட்டாகிவிட்டது. இரண்டாம் முறை எடுத்தபோது, எதற்கும் ஒரு பொலிஸ் என்ட்ரி போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

சாட்சிக்கு மாமாவும், மாமாவுக்குத் துணையாக நானும் போனோம். அன்று மேசையில் இருந்தவருக்குத் தமிழ் குறைவு, எங்களுக்குச் சிங்களம் குறைவு. எனக்கு விட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மாமா விடவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் அனுராதபுரத்தில் ஆறு மாதம் வேலை செய்த தெம்பு. மானுக்கு 'முவா' என்று அவருக்குத் தெரியும், சைக்கிளும் தெரியும், வந்தது என்பதற்கு 'ஆவா'வும் தெரியும். மூன்றையும் சேர்த்து, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கணீரென்று சொன்னார்: "முவா பைசிகலென் ஆவா!"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். 'மான் சைக்கிளோடு வந்தது' என்றுதான் மாமா சொல்ல நினைத்தார். சொன்னது 'மான் சைக்கிளில் வந்தது.' அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் மாமாவை மேலும் கீழும் பார்த்தார், முழங்கால் கட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். பின்னால் வாங்கில் இருந்த இரண்டு பேர் சிரித்ததை மாமா தன் சிங்களத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

என்ட்ரியின் பிரதி பிறகு கைக்கு வந்தது. ஓட்டோ அண்ணன் அதைக் கொண்டுபோய், அபயபுரத்தில் தனக்குத் தெரிந்த சிங்கள நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தார். அவர் முதல் வரியிலேயே நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஓரளவு தமிழில் சொன்னது இதுதான்: "சைக்கிளில் வந்த புள்ளிமான் ஒன்று, நிறுத்தி வைத்த முச்சக்கரவண்டியில் மோதிவிட்டு, சைக்கிளைக் கைவிட்டுத் தப்பிச் சென்றுள்ளது."

கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் காசு வரவில்லை. மாமாவும் ஓட்டோ அண்ணனும் பாதிப் பாதி போட்டு மாற்றினார்கள். அந்தப் பிரதியை மட்டும் ஓட்டோ அண்ணன் லமினேட் பண்ணி வைத்திருக்கிறார். யாராவது அந்தப் பழைய முகப்புத்தகச் செய்தியைக் காட்டி வேகத்தைப் பற்றிக் கேட்டால், டாஷ்போர்டிலிருந்து எடுத்து நீட்டுவார்.